நாற்பத்து மூன்றாவது துண்டு

துணி மாதிரிகள் ஒட்டிய அந்த ஏட்டில் நாற்பத்திரண்டு துண்டுகள்தான் என்பது நதீராவுக்குத் தூக்கத்திலும் தெரியும். பல்கலைக்கழகத்தின் ஓவிய, வடிவமைப்பு நூலகத்தில் ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்து, துணியின் பெயரெழுதி, எண் கொடுத்தவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏட்டைத் திறந்தபோது நாற்பத்து மூன்றாவதாக ஒன்று ஒட்டியிருந்தது. இளம்பச்சை. ஓரத்துப் பசை இன்னும் காயவில்லை.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நிப்லாவின் வேலையாக இருக்கும். நிப்லா நூலகத்தில் சேர்ந்து எட்டு மாதம். நதீராவுக்குப் பதினொரு வருடம். ஆனாலும் திங்கட்கிழமை திறக்கவிருக்கும் துணிக் கண்காட்சியை நூலகர் மர்சூக் நிப்லாவிடம்தான் கொடுத்திருந்தார். வாசல் பதாகையில் ‘தொகுப்பு: நிப்லா’ என்று பெரிய எழுத்து. நதீராவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. தினமும் அதற்குக் கீழாகத்தான் அவள் உள்ளே வரவேண்டும்.

நிப்லா தேத்தண்ணியோடு வந்தாள். தோளில் கிடந்த இளம்பச்சை ஸ்கார்ஃபின் நுனியில் ஒரு சதுரம் இல்லை.

“எங்கயோ மாட்டிக் கிழிஞ்சிருக்கு ராத்தா. எங்கயெண்டு தெரியா.”

கிழிசல் அல்ல அது. கத்தரிக்கோல் போன வழிபோல நேராக இருந்தது.

“கதவுல மாட்டியிருக்கும் புள்ள,” என்றாள் நதீரா, ஏட்டை மூடியபடி.

அந்தச் சதுரம் ஏட்டில் இருப்பதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிப்லா அதையும் கண்காட்சியில் வைப்பாள். ஆட்கள் அவளைச் சூழ்ந்து நிற்பார்கள். அவள் போனபின் நதீரா பேனையை எடுத்துத் துண்டின் கீழ் 43 என்று எழுதினாள்.

புதன்கிழமை விடாத மழை. கடல் பக்கமிருந்து அடித்த காற்று ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தது. நற்பிட்டிமுனை வயல்களின் சேற்று வாடையும் பழைய தாள்களின் புளித்த வாடையும் அலுமாரிகளுக்கிடையில் கலந்து நின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ தடித்த துணியை மெதுவாக வெட்டுவதுபோல ஒரு சத்தம் வந்து வந்து ஓய்ந்தது. ஏட்டில் இன்னொரு சதுரம். கறுப்பு. விரலால் தொட்டபோதுதான் தெரிந்தது, அது மயிர். இழை இழையாகச் சேர்த்து நெய்த மயிர். தேங்காயெண்ணெய் மணத்தது.

நிப்லா தன் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பின்மண்டை குளிருது ராத்தா. அதுல மயிரே இல்லாத மாதிரி இரிக்கு. ஒருக்காப் பாருங்களன்.”

நதீரா பார்க்கவில்லை. “கண்முழிச்சி வேல செஞ்சா அப்பிடித்தான். ஊட்ட போங்க. மிச்சத்த நான் பாக்கிறன்.”

நிப்லா நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். மர்சூக் வந்து, “கண்காட்சி வேலைய நீங்க முடிச்சித் தருவீங்களா?” என்று கேட்டார்.

“ஓம் சேர்.” முகத்தில் சந்தோசம் தெரியாமலிருக்க அவள் குனிந்துகொண்டாள். பிறகு 44 என்று எழுதினாள். போகும்போது பதாகையில் நிப்லாவின் பெயர்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள்.

வியாழக்கிழமை காலை நிப்லாவின் உம்மா போனில் கோல் எடுத்தார். மகள் இரவு முழுக்க வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதை ஒருவரும் காணவில்லை. மர்சூக் பொலிசுக்கு ஓடினார்.

நூலகத்தில் நதீரா மட்டும்.

மூன்று மணிக்கு கரண்ட் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மழை நின்றிருந்தது. வெட்டும் சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அவளால் இருக்க முடியவில்லை.

ஏட்டைத் திறந்தாள். பச்சை. கறுப்பு. அடுத்த தாள் கனத்தது.

புரட்டினாள்.

உள்ளங்கையளவு சதுரம். மாநிறம். துணி அல்ல.

கீழே எண் எழுதியாகியிருந்தது. 45. நதீராவின் கையெழுத்து. அவள் எழுதவில்லை. எழுதவே இல்லை.

“நிப்லா,” என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

அந்த மூச்சு தாளில் பட்டது. சதுரம் சிலிர்த்தது. அதிலிருந்த பூனைமயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.