அசல் பிரேக்குக்கு ஐந்து புள்ளி

டெலிபோன் அலறியது!

நோரீன் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் மயோனைஸ்... உருளைக்கிழங்கு சாலட் கலந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவது கணவன் டுவேனாகத்தான் இருக்கும். கார் ஷோ முடிந்திருக்கும். வரும் வழியில் ஐஸ் வாங்கணுமா என்பான்.

மறுபடியும் அலறியது.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஐஸ் வேணாம். நீ வந்து சேர்ந்தா போதும்."

மறுமுனையில் ஒரு செருமல்.

"மேடம்... ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து டிடெக்டிவ் ப்ரையர் பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லை... ஏன்?"

"கொஞ்சம் உட்காருங்க மேடம்."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அது உண்மையாகிவிடும்!

மில் ரோடு இறக்கம். கீழே 'நில்' பலகை. டுவேனின் அறுபத்தாறாம் வருஷத்துக் கறுப்புக் கார்... ஐந்நூறு குதிரை சக்திக்கு அவனே முறுக்கேற்றி வைத்த என்ஜின்... நிற்கவில்லை. குறுக்கே ஒரு சர்ச் வேன். உள்ளே ஆறு பேர்.

கார் வேனைத் தொடவில்லை.

சாலையை விட்டு விலகி... ஓக் மரத்தில்...

டுவேனுக்கு அறுபத்தோரு வயது. சாலட்டில் இன்னும் உப்புகூடப் போடவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை டிடெக்டிவ் ப்ரையர் வீட்டுக்கே வந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரங்களால் சமையலறை மேடை நிரம்பியிருந்தது. ஃப்ளின்ட் நகரத்தில் இருக்கிற சீஸ் மொத்தமும் அந்த மேடையில்தான் இருந்தது. எதையும் அவள் தொடவில்லை.

அவர் இரண்டு போட்டோக்களை நகர்த்தி வைத்தார்.

"இது உங்க வீட்டுக்காரர் ஏப்ரல்ல எடுத்த படம். என்ஜின் பக்கத்துல பிரேக் சிலிண்டரைப் பாருங்க. புதுசு. ரெண்டு அறை."

"தெரியும் சார். மாட்டறப்ப நான்தான் டார்ச் பிடிச்சேன். முன் சக்கரத்துக்கு ஒரு அறை, பின் சக்கரத்துக்கு ஒரு அறை. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிறுத்திடும். 'இனிமே நிம்மதியாத் தூங்குடி'ன்னார்."

"இது நொறுங்கின வண்டியில இருந்தது."

துருப்பிடித்த இரும்பு. ஒரே அறை!

"அறுபது வருஷத்துப் பழசு மேடம். உள்ளே ரப்பர் பிஞ்சு கிடக்கு. இது போச்சுன்னா நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கார்... அந்த வேகத்துக்கு அது எந்த மூலைக்கு!"



"அப்போ... யாரோ மாத்தியிருக்காங்க!"

"அதேதான். விரோதி யாராவது உண்டா?"

"டுவேனுக்கா? அவரோட சண்டை போடணும்னா முதல்ல அவர் சொல்ற ஜோக்கையெல்லாம் கேட்டு முடிக்கணும் சார். அதுக்குள்ள சண்டைக்கு வந்தவனுக்குத் தூக்கம் வந்துடும்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

ப்ரையர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"மெக்கானிக் மைலோ கெஸ்னர்?"

"மைலோவா! எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே அவன்தான்!"

"சனிக்கிழமை ஷோ மைதானத்துல ரெண்டு பேருக்கும் பெரிய ரகளை. 'போ... போய்ச் செத்துத் தொலை!'ன்னு மைலோ கத்தினதை நாலு பேர் கேட்டிருக்காங்க. அவர் ஷெட்டைச் சோதனை போட்டோம். உங்க புது சிலிண்டர் அலமாரியில இருந்தது. பழந்துணியில சுத்தி..."



"கேட்டா என்ன சொல்றான்?"

"வாயையே திறக்கலை. வக்கீலும் வேணாமாம். நாளைக்குக் கைது."

"நாளைக்கு என்ன நாளைக்கு? இன்னிக்கே விலங்கு மாட்டுங்க! டுவேனைக் கொன்னவன் கையில அது பூட்டறதை நான் என் கண்ணால பார்க்கணும்!"

"சரி மேடம்... வாரண்டை இன்னிக்கு மதியமே வாங்கிடறேன்."

போகும்போது ஒரு உறையைக் கொடுத்தார்.

"அவர் சட்டைப் பையில இருந்தது."

உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். கார் க்ளப்பின் மதிப்பெண் தாள். முதல் பரிசு! நூற்றுக்கு நூறு!

அவள் திகைத்தாள்.

'இந்த வருஷம் நான் போட்டியில இல்லை. சும்மா வேடிக்கை பார்க்கப் போறேன்' என்றல்லவா சொல்லிவிட்டுப் போனான்? முழங்கால் வலியில் அவளும் போகாமல் இருந்துவிட்டாளே!

கார் சாவியை எடுத்தாள்.

*

"மைலோ! வெளியே வாடா!"

ஷெட்டில் ஒரு காருக்கு அடியிலிருந்து முதலில் இரண்டு பூட்ஸ் வந்தன. பிறகு மைலோ. நாலு நாள் தாடி.

"பிரேக்கை நீதானே மாத்தினே?"

"ஆமா."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

எண்ணெய்க் கையோடு நின்றவனின் மார்பில் அவள் இரண்டு கையாலும் குத்தினாள். அவன் தடுக்கவில்லை.

"செத்துத் தொலைன்னியாமே!"

"சொன்னேன்." எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தான். "டிரெய்லர்ல ஏத்துடான்னேன் நோரீன். டிரெய்லர்லதான் கொண்டுபோனோம். திரும்பவும் அதுலதான்னு பேச்சு. கப்பைக் கையில வாங்கினதும் மண்டை திரும்பிடுச்சு! 'ஜெயிச்ச வண்டியைச் செத்த மாடு மாதிரி இழுத்துட்டுப் போவாங்களா? பதினோரு மைல்தானே... மெதுவா உருட்டிட்டுப் போறேன். நோரீன் வாசல்ல நின்னு பார்க்கட்டும்'னான். சாவியைப் பிடுங்கியிருக்கணும். வாயால திட்டிட்டு... விட்டுட்டேன்."



"அப்போ அவன் சொல்லித்தான் மாத்தினியா?"

மைலோ மறுபடியும் காருக்கு அடியில் போகக் குனிந்தான்.

"புதுசைக் கழட்டிட்டு அந்தத் துருவை எதுக்குடா மாட்டச் சொன்னான்? அதைப் போலீஸ்ல சொல்லித் தொலையேன்! மதியம் உன்னைப் பிடிக்க வர்றாங்கடா!"

"வரட்டும். போறேன்."

"பைத்தியமா உனக்கு? காரணம் என்ன?"

"விடு நோரீன்."

"சொல்லு!"

"விட்டுத் தொலையேன்!"

அவன் கண்கள் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தன. சட்டென்று வேறு பக்கம் திரும்பின.

அவள் தாளைப் பிரித்தாள். பிரிவு... 'அந்தக் காலத்து முறுக்கேற்றல்'. என்ஜினை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம். ஆனால் காரின் வருஷத்துக்குப் பிறகு வந்த பாகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது; இருந்தால் புள்ளி குறையும்.

ஒன்பதாவது வரி.

பிரேக்... அசல்... ஐந்துக்கு ஐந்து.

அடியில் அச்சடித்த பெயர்... செயலாளர் நோரீன். விதிகளை டைப் செய்ததும் அவள்தான்.



ஜனவரி மாதக் கூட்டம். மடக்கு நாற்காலிகள்... ஆறிப்போன காபி... டுவேன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது...

'பிரேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் மட்டும் புள்ளி குறைக்க வேணாம்னு ஒரு தீர்மானம் போடலாம். ஐந்நூறு குதிரையைத் தாத்தா காலத்துப் பிரேக்கோட ஓட்டறது தப்பு. நமக்காக இல்லை... எதிர்ல வர்றவனுக்காக!'

'செயலாளர் புருஷனுக்குத் தனிச் சட்டமா?' யாரோ பின்வரிசையில் கிண்டலடித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து பேர் ஆதரவு. பத்து பேர் எதிர்ப்பு. கடைசி ஓட்டு செயலாளருடையது!

அந்தச் சிரிப்புக்குப் பயந்து அவள் எதிர்த்துக் கை தூக்கினாள். டுவேன் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணடித்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுடைய நேர்மையைப் புகழ்ந்துகொண்டே வந்தான்...

"இதுக்கா... இதுக்கா வாயை மூடிக்கிட்டிருந்தே?"

மைலோ தரையைப் பார்த்தான்.

"நீ அவனைப் புதைச்சே ஒரு நாள்தானே ஆகுது. இதையும் சேர்த்து உன் தலையில போடச் சொல்றியா? எனக்கு என்ன... வீட்டுல காத்திருக்கிறது ஒரு பூனை. அது எவன் சோறு போட்டாலும் தின்னும்."

வாசலில் டயர்களுக்குக் கீழே சரளை நொறுங்கியது.

ப்ரையர்! கையில் வாரண்ட்... பெல்ட்டில் விலங்கு...

"மேடம்? நீங்க இங்கே..."

நோரீன் மைலோவுக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கால் வலித்தது. நிமிர்ந்தே நின்றாள்.

"எழுதிக்கோங்க சார். பழைய பிரேக்கை மாட்டச் சொன்னது டுவேன். அது எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சே ரோட்டுல ஓட்டினதும் டுவேன். அது அவர் தப்பு. என் புருஷன்னு அதை மறைக்க மாட்டேன். கடைசி நிமிஷத்துல வேன்ல இருந்த ஆறு பேர் மேல மோதாம மரத்தைத் தேடிப் போனதும் அதே டுவேன்தான். மாட்டினது, சாவியைப் பிடுங்காம விட்டது இவன்."

"சரி... ஆனா அவர் எதுக்காகப் பழசை..."

"அஞ்சு புள்ளிக்காக. நல்ல பிரேக் போட்டா அஞ்சு புள்ளி குறையும்னு ஒரு விதி இருக்கு. அதை மாத்த அவர் கெஞ்சினார். தோற்கடிச்ச ஓட்டு என்னோடது."

தாளை நீட்டினாள். ப்ரையர் படித்தார். இரண்டு தடவை படித்தார். வாரண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"மைலோ, ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுங்க. விலங்கு வேணாம்."

"எனக்கு?"

நோரீன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடையிலிருந்து விலங்கில்லாத கைகள் மேல் விழுந்தது.

ப்ரையர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்களைப் பிடிக்கச் சட்டத்துல பிரிவே இல்லை மேடம்."

நோரீன் மூக்கை உறிஞ்சினாள்.

"இல்லேன்னா சொல்லுங்க சார்... நானே டைப் பண்ணித் தர்றேன். ஒரு விதிவிலக்குகூட இல்லாம!"