கீழிருந்து வந்த வெளிச்சம்

"அய்யோ... ஊத்திடாதீங்க!"

சாக்கடைப் பக்கம் சாய்த்த டப்பாவைப் பூபாலன் சட்டென்று நிமிர்த்தினான். மழைக்கு ஒதுங்கி நின்ற அகல்யா, நனைந்த துப்பட்டாவோடு பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். கோபத்தில் அந்தக் கண்கள்... அப்பப்பா!

"பாசி புடிச்ச தண்ணின்னு நெனச்சேங்க..."

"பாசியா? பூச்சியப் புடிச்சித் தின்ற செடிங்க இது! திட்டக்குடி வயல்ல முட்டிக்கால் சேத்துல நின்னு எடுத்தாந்தேன்."

அவள் எம்.எஸ்சி. தாவரவியல். அந்தச் செடியின் கடுகளவுப் பைக்குள் நான்கு கை விரித்த சுரப்பிகள் இருக்கும். ஐந்து மணிக்குள் அதைப் படம் எடுத்து அனுப்பாவிட்டால், ஆறு மாதம் உழைத்த ஆய்வையே மாற்றச் சொல்லிவிட்டார் அவள் கைடு பானுமதி மேடம். காலேஜ் மைக்ராஸ்கோப்போ ரிப்பேர். வேறெங்காவது கேட்கலாம் என்று அலைந்தவளைத்தான் மழை இந்தப் பீங்கான் கம்பெனி வாசலில் நிறுத்தியிருந்தது.

"எங்க லேப்ல ஒண்ணு இருக்குதுங்க. பீங்கான்ல விரிசல் பாக்குறது," என்றான் பூபாலன். லேப் அவன் பொறுப்பு.

"மண்ணு பாக்குற மெஷின்ல என்னத்தங்க தெரியும்?"

அவன் முகம் சுண்டிப்போனது. திரும்பி நடந்தான். மணி நாலு இருபது... ரோஷம் பார்த்தால் ஆறு மாத உழைப்பு போச்சு.

"ஏங்க... நில்லுங்களேன். தப்பா பேசிட்டேன்."

லேபுக்குள் போய், செடியின் பையைப் பிளேடால் பிளந்து கண்ணாடியில் வைத்தாள். குனிந்து பார்த்தால் ஒரே வெள்ளைக் கூச்சம்! அவளுக்கு அழுகை முட்டியது.

"பீங்கானுக்குள்ள வெளிச்சம் போவாது. அதான் இதுல லைட்டு மேலேர்ந்து அடிக்கும்," என்று யோசித்தான் அவன். "ஒங்க செடிக்குக் கீழேர்ந்து வரணும்... இல்லீங்களா?"

மேல் விளக்கை அணைத்தான். இரண்டு பீங்கான் துண்டுகளை முட்டுக்கொடுத்துக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினான். அடியில் தன் செல்போன் டார்ச்சை வைத்தான்.

"இப்ப பாருங்க."

பச்சைச் சுவர்... பாதி கரைந்த ஒரு நீர்ப்பூச்சி... அதன் பக்கத்தில்...

"தெரியுது! நாலு கையும் தெரியுதுங்க!" கத்திக்கொண்டே அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்தது தெரிந்ததும் இருவருக்கும் காது வரை சிவந்தது.

அவள் தன் செல்போனில் எடுத்த படம் நாலு ஐம்பதுக்குப் போனது. மேடத்தின் பதில் உடனே வந்தது: "சபாஷ்! இதே ஆய்வு, மாத்தவே வேணாம்!"

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் டப்பாவோடு வந்தாள். நாலாவது வெள்ளி டப்பாவைத் திறக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்... காலேஜ் மைக்ராஸ்கோப்பு சரியாயி மூணு வாரமாச்சு. நான்... ஒங்களப் பாக்கத்தான் வரேன்."

"தெரியுங்க."

"எப்பிடி?"

"படம் எடுத்தது எங்க லேப்லன்னு தெரிஞ்சு, மேடம் அத எங்கிட்டதான் அனுப்பினாங்க. ரிப்பேர் பண்ணதே நாந்தான்."

"அடப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்களே... எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்குதுங்க, அகல்யா."

அவள் சிரித்தாள். கண் மட்டும் நனைந்தது. டப்பாவை அவன் கையில் வைத்தாள்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் நீங்களே வெச்சிருங்க... ஊத்திடாதீங்க!"