புதன்கிழமை வைக்காத ஒத்திகை

வியாழன், காலை 9.10. காணாமல் போயிருந்தது பத்தே பத்து விநாடி.

முந்தைய நாள் 10.42-க்கு, எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோ நுண்துகள்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு போயின. உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் பிடித்துவிட்டன. இங்கே, சுரங்கத்தின் அடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியும் பிடித்தது. ஆனால் அந்தப் பதிவை யாரோ ‘ஒத்திகை’, அதாவது அலாரத்தைச் சோதிக்க மேலேயிருந்து அனுப்பும் போலிப் பதிவு, என்று குறித்து அழித்துவிட்டார்கள். ஆயுளில் ஒருமுறை வருவது!

பாதுகாப்பு அதிகாரி முன்னாள் போலீஸ். இன்றும் எல்லோருக்கும் இன்ஸ்பெக்டரம்மாதான். ஷிஃப்டில் இருந்த பெண் அவர் முன்னால் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். அவளுடைய வேலைநீக்க உத்தரவில் ஆய்வுக்கூடத் தலைவர் இன்று மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

“நீதானே அழிச்சே?”

“ஆமா மேடம். அலாரம் அடிச்சதும் மேல ஃபோன் போட்டேன். ‘ஒத்திகைதான், மூடிடு’ன்னாங்க.”

“யாரு?”

“ஆம்பளைக் குரல். லைன் ஒரே கரகர.”

அந்த ஃபோன் மேலே இரண்டு மேசைகளில் ஒலிக்கும். ஒன்று தலைவருடையது. தடுப்புக்கு அந்தப் பக்கம் துணைத்தலைவர், தலைவரின் மச்சான். வண்டி நிறுத்தும் நிழலுக்காகச் சண்டை போட்டு இருவருக்கும் வருஷக்கணக்கில் பேச்சில்லை.

10.30.

“நான் எடுக்கலை. அவன்கிட்ட கேளுங்க,” என்றார் தலைவர்.

“நேத்து நான் ஒத்திகையே வைக்கலையே! அத்தான்கிட்ட கேளுங்க,” என்றார் மச்சான்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தலைவலி வந்தது. திருடர்களே தேவலை என்றிருந்தது. ஒத்திகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். இரண்டு வருடமாக ஒவ்வொரு புதனும், மதியம் பன்னிரண்டுக்குள், ஒரே ஒரு ஒத்திகை. அநேகமாக எல்லாம் துணைத்தலைவர் கையெழுத்து. ஒன்றில் ‘காய்ச்சல், வீட்டிலிருந்து’ என்ற குறிப்பு. இரண்டு புதன்களில் மட்டும் தலைவர் கையெழுத்து. நேற்றைய வரி காலி.

3.40. மூவரையும் கூப்பிட்டார்.

“துணைத்தலைவர் சார், நேத்து ஏன் ஒத்திகை வைக்கலை?”

“மறந்துட்டேன்.”

“காய்ச்சல்ல மறக்காத ஆளா? வெடிச்ச சேதி ஒன்றரைக்குத்தான் வந்துச்சு. பன்னிரண்டு வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பவும் நீங்க வைக்கலைன்னா, இந்த வாரத்து ஒத்திகை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிருக்கீங்க. முன்னாடி ரெண்டு தடவை பண்ண மாதிரி, உங்க அத்தான் சொல்லாமக் கொள்ளாம வெச்சுட்டாருன்னு. அவர் ஃபோனை எடுத்திருந்தா உங்களுக்கு விஷயமே தெரிஞ்சிருக்காது, வழக்கம்போல வெச்சிருப்பீங்க. எடுத்தது நீங்கதான்.”

துணைத்தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எட்டிப் பாத்து அவரை ஒரு வார்த்தை கேட்டா என்ன சார்?”

“பேச்சுவார்த்தை இல்லையே...”

“அங்க ஒரு நட்சத்திரமே வெடிச்சிருக்கு! உங்க ரெண்டு பேருக்கும் வாய் தொறக்கலை!”

தலைவர் உத்தரவைக் கிழித்துப் போட்டார். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேலை தப்பிச்சுது மேடம். ஆனா அழிச்ச விரல் என்னோடதுதானே?”

இன்ஸ்பெக்டரம்மா பதிவேட்டின் காலி வரியை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார்.