நிற்காத உருளை

சைக்கிளை மேலே ஏற்றி மிதிக்கும் உருளைகள் உடனே நிற்காது. அதில் அதிசயமில்லை. மிதியிலிருந்து காலை எடுத்து, சைக்கிளை விட்டு இறங்கி, சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கும்வரை அந்தக் கனத்த மூன்று உருளைகளும் முனகிக்கொண்டே சுற்றி, பிறகுதான் அடங்கும். அன்று ரிட்சுகோ முகம் துடைத்து, தண்ணீர் குடித்து, காலணிப் பட்டையைக் கழற்றி முடித்த பிறகும் அந்த முனகல் கேட்டது. குனிந்து பின் உருளையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது சுற்றவில்லை. சில்லிட்டுக் கிடந்தது. முனகல் மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால், ஓர் ஆள் தூரத்தில், ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பியதும் நின்றது.

"தண்ணிக் குழாய் ஏதாவது உறைஞ்சிருக்கும்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பயந்தவர்கள்தான் தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பேசுவார்கள்.

வீட்டுக் கதவுக்கும் தெருக் கதவுக்கும் நடுவே, பனிக்காற்று உள்ளே வராமல் கண்ணாடியால் அடைத்த சின்ன அறை அது. பனி தள்ளும் மண்வாரி, மண்ணெண்ணெய்க் கேன், செய்தித்தாளில் சுற்றிய முள்ளங்கி, முட்டைக்கோஸ். இவற்றை ஓரம் தள்ளித்தான் உருளைக்கு இடம் பிடித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே இடுப்பளவு பனி. வட ஜப்பானின் அசாஹிகாவாவில் டிசம்பர் பிறந்தால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், கண்ணாடி முழுக்கக் கறுத்து அவள் முகத்தை அவளுக்கே காட்டும்.

ரிட்சுகோவுக்கு இந்தச் சைக்கிள் பழக்கம் உடம்பைக் குறைக்கும் ஆசையில் வந்ததல்ல. போன குளிர்காலம் முழுக்க அவள் படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வெளிச்சம் போனபோது அவளும் போய்விட்டாள், அவ்வளவுதான். எட்டு வயது மகள் கொஹாரு பள்ளியிலிருந்து வந்ததும், முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல், அம்மாவின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதா என்று. அந்தச் சின்ன விரலின் குளிர்ச்சியை ரிட்சுகோ இன்னும் மறக்கவில்லை. கோடையில் கணவன் யோஷினாரியோடு ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிள் மிதித்துத்தான் ஆள் தேறினாள். முதல் பனி விழுந்த அன்று மகளின் சுண்டுவிரலோடு தன் சுண்டுவிரலைக் கோத்தாள்.

"இந்தத் தடவ அம்மா எங்கயும் போகமாட்டேன். சத்தியம்."

வீட்டுக்குள் மிதிக்கும் கருவி தேடியது அதற்காகத்தான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் வகை பூனை நடப்பதுபோல் ஓடும். விலையைப் பார்த்து யோஷினாரி, "இந்தக் காசுக்கு ஒரு பழைய காரே வாங்கிடலாமே, அதுலயாவது ஹீட்டர் இருக்கும்," என்றான். சக்கரத்தை ஒற்றை உருளையில் அழுத்திப் பிடிக்கும் வகை மலிவுதான், ஆனால் டயரைத் தின்றுவிடும், மாவு மில் கணக்காக இரையும். கடைசியில் கைக்கு எட்டியது பழைய பாணி: தரையில் மூன்று உருளை, அதன்மேல் எதிலும் கட்டாமல் சைக்கிள், விழாமல் மிதிப்பது அவரவர் சாமர்த்தியம். பக்கத்து ஊர்க்காரர் ஃபுனாகி இணையத்தில் போட்டிருந்தார். கிட்டத்தட்ட இனாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?

"என் வீட்டுக்காரியோடது," என்றார் ஃபுனாகி, உருளைகளை இறக்கிவைத்துக்கொண்டே. "போன குளிர்காலம் பூரா இதுமேலயே கெடந்தா. ஒருநாள் திடீர்னு எறங்கி, போதும்னுட்டா. அதுலேர்ந்து ஆளே மாறிட்டா போங்க. முன்னெல்லாம் மீனக் கண்டாலே மூக்கப் பொத்திக்குவா, இப்ப என் தட்டுல இருக்கறதயும் சேத்து முழுங்கறா."

வண்டிக்குள் இருந்த அவர் மனைவி கண்ணாடியை இறக்கி ரிட்சுகோவைப் பார்த்துச் சிரித்தாள். "ஓட்டறப்போ பின்னால மட்டும் திரும்பாதீங்க. விழுந்துடுவீங்க."

எல்லாரும் சொல்லும் புத்திமதிதான். உருளைமேல் தலையைத் திருப்பினால் சைக்கிள் சறுக்கிவிடும். அதனால் யாரும் திரும்புவதில்லை.

தினமும் மிதித்தாள். பசித்தது, தூக்கம் வந்தது. கொஹாருவின் தலையை வாரிவிட்டாள். யோஷினாரி சுட்ட ஹொக்கே மீனின் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினாள். மீன் என்றால் அவளுக்கு உயிர். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மாலை கொஹாரு கேட்கும்வரை.

"அம்மா, அப்பாவும் சைக்கிள் ஓட்டறாரா?"

"அப்பா வெளிய பனி தள்றாருடி."

"அப்ப ஏன் ரெண்டு சைக்கிள் சத்தம் கேக்குது?"

ரிட்சுகோ சிரித்து மழுப்பினாள். ஆனால் அவளுக்குத் தெரியும். சாலையில் இரண்டு பேர் சேர்ந்து போகும்போது, முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னவர் அந்த மறைவில் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிக்கொண்டு வருவார். முன்னவருக்குக் கால் ஓய்ந்தால் வலது முழங்கையை வெளிப்பக்கம் ஒருமுறை ஆட்டுவார். வா, உன் முறை என்று அர்த்தம். பின்னவர் வலப்பக்கமாக முன்னேறி வந்துவிடுவார். ஆற்றங்கரையில் இப்படித்தான் யோஷினாரியும் அவளும் ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க மாறி மாறிப் போவார்கள். பின்னால் ஆள் ஒட்டி வருவது பார்க்காமலே முதுகுக்குத் தெரியும். மூச்சு தெரியும். சங்கிலியின் கிசுகிசுப்பு தெரியும்.

இந்த அறையிலும் அது தெரிந்தது. காற்றே இல்லாத இடத்தில், வியர்த்து வழியும் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே மட்டும் ஈரம் காய்ந்து சில்லிட்டது. யாரோ அங்கே மூச்சு விடுவதுபோல. நனைந்த கம்பளியின் நாற்றம். தசைவலிக்குப் போடும் மருந்துப் பட்டையின் காரமான வாடை. அவள் அதைப் போட்டதே கிடையாது. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் நெருங்கியிருந்தது. சாலையில் என்றால் முன்னால் ஓடித் தப்பலாம். உருளைமேல் எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்தில்தானே நிற்கிறோம்?

நிறுத்திவிட்டாள். அந்த அறைப் பக்கமே போகவில்லை. மறுநாள் எழ மனமில்லை. அதற்கு மறுநாள் எழ முடியவில்லை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளின் மூக்கடியில் எதுவோ சில்லென்று பட்டது. சின்ன விரல்.

"தூங்கும்மா, நான் சும்மா பாத்தேன்," என்றாள் கொஹாரு. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரிட்சுகோ எழுந்தாள். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்ற கதைதான். எது வந்தாலும் வரட்டும், மகளுக்குச் செய்த சத்தியத்தை விட முடியாது. உடை மாற்றி, அறைக்குப் போய், உருளைமேல் ஏறினாள்.

வெளியே யோஷினாரியின் மண்வாரி சரக், சரக் என்று பனியை அள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். வீட்டுக்குள்ளிருந்து அவன் சுட்டுவைத்துவிட்டுப் போன மீனின் வாசனை வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாள். அப்போது மண்வாரிச் சத்தம் வீட்டின் மறுபுறத்துக்குப் போய்த் தேய்ந்து அடங்கியது. உருளைகளின் முனகல் மட்டும் மிச்சமிருந்தது. ஒன்று அவளுக்குக் கீழே. இன்னொன்று பின்னால்.

நெருக்கமாக. மிக நெருக்கமாக.

கண்ணாடியில் அவள் முகம். தோள். கைப்பிடியில் கைகள். அவள் முழங்கைக்குப் பின்னால் இன்னொரு முழங்கை.

திரும்பக்கூடாது. மிதி. மிதித்துக்கொண்டே இரு.

படுக்கையில் கிடந்து ஓய்ந்த கால்கள். தொடை எரிந்தது. கண்ணுக்குள் வியர்வை. முதுகில் மூச்சு, ஈரமாக, பொறுமையாக. ஆற்றங்கரை நினைவுக்கு வந்தது. எதிர்காற்று. இனி முடியாது. முடியவே முடியாது.

வலது முழங்கை ஆடியது.

அவள் ஆட்டவில்லை. பழக்கம் ஆட்டியது. ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. "வேணாம்" என்று கத்த வாயைத் திறந்தாள்.

வலப்பக்கம் ஒரு தோள் வந்தது. மெலிந்த தோள். பிறகு ஒரு பெண்ணின் கன்னம், கண்ணீரால் நனைந்தது. கடந்து போகும்போது, அலுவலகத்தில் மற்றவர்களுக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் சொல்வதுபோல், மரியாதையாகத் தலை தாழ்த்தி அது சொன்னது.

"உங்களுக்கு முன்னாடி கெளம்பறேன். மன்னிக்கணும்."

இப்போது ரிட்சுகோவின் முன்னால் ஒரு முதுகு. ரிட்சுகோவின் நீலச் சட்டை. அவளுடைய பிடரி மச்சம். அவள் கைகள் கைப்பிடியைத் தேடின. கைப்பிடி இல்லை. கீழே சைக்கிளும் இல்லை. கால்கள் மட்டும் சுற்றின. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

முன்னால் இருந்தவள் மிதிப்பதை விட்டாள். இறங்கினாள். ரிட்சுகோவின் துண்டை எடுத்து ரிட்சுகோவின் முகத்தைத் துடைத்தாள்.

வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம். கொஹாரு.

"அம்மா, சாப்பாடு ரெடி. ஐயோ, உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

'கொஹாரு, நான் இங்க இருக்கேன்.' தொண்டையிலிருந்து வந்தது முனகல்தான். உருளையின் முனகல்.

கொஹாரு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் கைக்கு அடியால் அறையை எட்டிப் பார்த்தாள்.

"அது இன்னும் ஓடுதும்மா."

"கொஞ்ச நேரத்துல அடங்கிடும்." விளக்கு அணைந்தது. "நாளைக்கே இத யாருக்காவது குடுத்துடச் சொல்லலாம் அப்பாகிட்ட. சும்மாவே குடுத்துடலாம்."

மூடிய கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம். அதற்குள் சாப்பாட்டு மேசை. யோஷினாரி பின்வாசல் வழியாக வந்து, தலையில் பனியோடு உட்கார்ந்தான். ஹொக்கே மீனின் பெரிய துண்டை எப்போதும்போல் மனைவியின் தட்டில் வைத்தான்.

அவள் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

யோஷினாரி சிரித்தான். கொஹாரு சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்ல எழுந்து, கை நீட்டி, அந்த மூக்கடியில் ஒரு விரலை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

இருட்டில் ரிட்சுகோவின் கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.