ஆமைக்கு விழுந்த ஓட்டை

என் அம்மா சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். சிங்கமோ கழுதையோ, எதை வரைந்தாலும் முதலில் கண்ணாடி முன் நின்று முகத்தை அதேபோல் வைத்துப் பார்ப்பார். அதனால் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் போய்க் கதவைத் திறப்பேன்.

அடுத்தவர் கதைகளுக்கே வரைந்துகொண்டிருந்தவர், முதன்முதலாகத் தானே ஒரு கதை எழுதினார். ஊர் சுற்றக் கிளம்பும் ஓர் ஆமையின் கதை. பன்னிரண்டு பக்கம். பென்சில் படங்களைப் பார்த்த பதிப்பாசிரியர் ஒரே வரி எழுதி அனுப்பினார்: "ஆமையின் ஓட்டை பெரிதாக வரையவும்."

ஆமைக்கு எதற்கு ஓட்டை என்று அம்மா தலையைச் சொறிந்தார். ஆனால் பதிப்பாசிரியர் கறார் பேர்வழி. கேட்டால் புத்தகமே வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில், பன்னிரண்டு படங்களிலும் ஆமையின் முதுகில் கன்னங்கரேலென்று ஓர் ஓட்டை போட்டு வண்ணமும் தீட்டிவிட்டார்.

படங்களை வாங்கிப்போகப் பதிப்பாசிரியர் நேரில் வந்தார். முதல் படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, ஆமையப் பூச்சி அரிச்சிருக்கு?"

"நீங்கதானே சார் ஓட்டை கேட்டீங்க?"

"நான் ஓட்டைக் கேட்டேன். ஓட்டையை யாரு கேட்டா?"

இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஓட்டைப் பெரிதாக' என்று ஒரு 'ப்' இருந்திருந்தால், அது ஆமையின் மேல் ஓடு. அந்த 'ப்' இல்லாததால் பொத்தல் ஆகிவிட்டது. போன பரீட்சையில் இதே தப்புக்குத்தான் எனக்கு அரை மதிப்பெண் போயிற்று.

ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவர் அவர். சத்தமாகச் சொன்னால் கூசிப்போவார். அதனால் கடிதத்தை நீட்டி, அந்த இடத்தில் விரலை மட்டும் வைத்தேன். அவர் காது சிவந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று முனகினார்.

ஆனால் நான்கு மணிக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் அம்மாவின் புத்தகம் அடுத்த வருடம்தானாம். அப்போதே மணி மூன்று. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு படங்களை எப்படித் திரும்ப வரைவது? அம்மா தூரிகையைக் கழுவத் தொடங்கினார். அழுகையை அடக்குகிறார் என்று தெரிந்தது.

அந்தக் கறுப்பு ஓட்டையையே உற்றுப் பார்த்தேன்.

"அம்மா, உள்ள ஒரு எலி இருந்தா? டிக்கெட் எடுக்காம ஊர் சுத்துற எலி. இருட்டுல கண்ணும் மீசையும் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அம்மா கண்ணாடி முன் ஓடி மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். பின்னால் நின்ற பதிப்பாசிரியரும் தன்னையறியாமல் மூக்கைச் சுருக்கினார். அடுத்த நிமிடம் தூரிகை வெள்ளை வண்ணத்தில் இறங்கியது.

ஓடு இன்னும் சின்னதாகத்தானே இருக்கிறது என்று பதிப்பாசிரியர் இழுத்தார்.

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் சார். நெருக்கமாத்தான் இருக்கும்" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினோரு எலிகள் முடிந்ததும் அம்மாவுக்குக் கை மரத்துப்போனது. கடைசி எலியை நான் வரைந்தேன். அதன் ஒரு கண் வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையைப் பார்த்தது. திருத்த நேரமில்லை.

புத்தகம் வெளிவந்தது. பிள்ளைகளிடமிருந்து கடிதங்களும் வந்தன. ஆமையை ஒருவரும் விசாரிக்கவில்லை. வானத்தையும் தரையையும் பார்க்கும் எலி அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அம்மா அடுத்த கதையை எழுதிவிட்டார். ஆனால் எத்தனை முறை வரைந்தாலும் அந்த எலிக்கு இரண்டு கண்களும் நேராகவே வந்துவிடுகின்றன. எலி வரும் பக்கங்களெல்லாம் இப்போது என் பொறுப்பு.