லேஸ் மட்டும் நனையவில்லை

"கொ… கொலை…!"

வெனிஸின் ஒடுக்கமான சந்து ஒன்றில், இடிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்த அலறல்.

வெள்ளத்தைத் தடுக்கக் கடலுக்குக் கதவு போடாத காலத்து நவம்பர் மத்தியானம். காற்று குடைகளைப் பிடுங்கிக் கால்வாயில் வீசிக்கொண்டிருந்தது. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

அலறியவள் அறுபது வயதுக்காரி. முழங்கால் வரை ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் உறை. ஊர் பார்க்க வந்தவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டத் தேவையில்லை!

அவள் ஓடி வந்தது நெரீனாவின் முகமூடிக் கடையிலிருந்து.

எதிர்க்கடை ஒயின் பார் சில்வானோ, வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்மணியின் கையில் நீலக் கண்ணாடித் துண்டு. கையெல்லாம் ரத்தம்.

"அடிப்பாவி… காலைல சொன்ன மாதிரியே செஞ்சுட்டியா!"

சில்வானோ போலீசுக்குப் போன் செய்தார்.

* * *

வெள்ளத்துக்காகப் போட்ட நடைபாதைப் பலகைகளின் மேல் வரிசையாக நடந்து வந்தார்கள் இரண்டு பேர்.

முன்னால், இன்ஸ்பெக்டர் ஃபெதோரா ஸோர்ஸி. இந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவள். தொடை வரை ரப்பர் பூட்ஸ்.

பின்னால், சார்ஜன்ட் கலோஜெரோ. நாற்பது வயது, நல்ல தொப்பை. பலெர்மோவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகியும் ஊர் சுற்றிப் பார்க்கும் வியாதி தீரவில்லை.

"மேடம், காலைல சைரன் ஊதிச்சே… போன்ல பிடிச்சு வெச்சிருக்கேன். எங்கம்மாவுக்கு அனுப்பணும்."

"எல்லாரும் பாலத்தைப் படம் பிடிப்பாங்க. நீ வெள்ள அபாயச் சத்தத்தைப் பிடிக்கறே!"

"எங்க ஊர்ல சைரன்னா ஆம்புலன்ஸ் மேடம். இங்க கடலே சொல்லிட்டு வருதே… மரியாதை தெரிஞ்ச கடல்!"

ஸோர்ஸி கடைக்குள் காலெடுத்து வைத்ததும் அவன் வாய் மூடியது.

நெரீனா குப்புறக் கிடந்தாள். தலையைச் சுற்றி நீலக் கண்ணாடிச் சில்லுகள். மேஜை மேல் இருந்த பெரிய ஜாடி, இப்போது அவள் தலைமுடியில் மின்னிக்கொண்டிருந்தது!

தரையெல்லாம் நின்ற தண்ணீரில் அவளுடைய ஏப்ரன் நுனி மிதந்து ஆடியது.

மூலையில், நாற்காலி நுனியில் அந்தப் பெண்மணி. பெயர் வால்ட்ராட். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். இத்தாலிய மொழியைக் கல்லை மெல்லுவது போலப் பேசினாள்.

"நான் கொல்லல."

"காலைல இங்க வந்து சண்டை போட்டீங்களா?"

"போட்டேன்."

"'இந்த ஜாடியை உன் தலையில போட்டு உடைப்பேன்'னு சொன்னீங்களா?"

வால்ட்ராட் மடியில் இருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"…சொன்னேன். கோவத்துல சொல்றதுதானே! என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப அவருக்கு தினம் மூணு தடவை சொல்லியிருக்கேன். அவர் மாரடைப்புலதான் செத்தார்!"

கலோஜெரோ சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"என்ன கோவம்?"

பையைத் திறந்தாள். வெள்ளை லேஸ் மேஜைவிரிப்பு. மழையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். அவளுக்காக வாங்கினேன். புரானோ தீவுக் கிழவிங்க கையால பின்னினதுன்னு அந்தம்மா சத்தியம் பண்ணுச்சு. வெளிய வந்தேன், மழை. லேபிள் உரிஞ்சு வந்துடுச்சு. அடியில பார்த்தா… இன்னொரு லேபிள்! எந்தத் தீவுமில்ல, எங்கயோ கண் காணாத ஊர் மில்லு!"

"அதுக்கு?"

"போலீசுக்குப் போறேன்னு கத்தினேன். அந்தம்மா அழுதுது. 'மத்தியானம் வா, எல்லாத்தையும் நானே போலீஸ்ல சொல்லிடறேன், சேர்ந்து போகலாம்'னு சொல்லுச்சு. வந்தேன். விழுந்து கிடந்துது. திருப்பிப் பார்க்கலாம்னு குனிஞ்சேன், கண்ணாடி குத்திடுச்சு…"

"நல்லா இருக்கு கதை. சாட்சி யாரு?"

வால்ட்ராட் நெரீனாவைப் பார்த்தாள். சாட்சி, தண்ணீரில் கிடந்தது.

* * *

சில்வானோ தன் பார் வாசலை விட்டு இறங்கவில்லை.

"வாங்களேன் இப்படி, நேர்ல காட்டுங்க" என்றாள் ஸோர்ஸி.

"மன்னிச்சுக்கோம்மா. உங்கப்பா என் கடையிலதான் ஒயின் குடிப்பார், உனக்கே தெரியும், நான் சொன்னா சொன்னதுதான். பத்து வருஷமா அந்தக் கடை வாசப்படி மிதிக்கலே. அவ செத்தும் மிதிக்க மாட்டேன்."

"அப்படி என்ன பகை?"

"எனக்கு வர்ற கூட்டத்தை மறைக்கற மாதிரி முகமூடியைத் தெருவுல மாட்டுவா. கேட்டா வாய்! சந்துல யாரை வேணா கேளு… எங்க சண்டை இங்க எல்லாருக்கும் இலவச நாடகம்."

"இன்னிக்கு என்ன பார்த்தீங்க?"

"இந்த ஆரஞ்சுக் கால்காரி உள்ள போனா. கொஞ்ச நேரத்துல ரத்தக் கையோட ஓடி வந்தா. வேற ஒரு ஈ, காக்கா உள்ள போகலே. அவ்வளவுதான்."

தோளைக் குலுக்கினார். கண்ணில் ஈரம் இல்லை. பகைக்காரன் கண்ணில் எதற்கு ஈரம்?

ஸோர்ஸியின் செல்போன் கத்தியது. மேலதிகாரி.

"என்ன யோசனை ஸோர்ஸி? மிரட்டினது அவ. கையில கண்ணாடி அவளுக்கு. பார்த்த சாட்சி இருக்கு. உள்ள தள்ளு!"

"சார், சாயங்காலம் அவங்க பஸ்…"

"பஸ் போகட்டும். அவ போக வேண்டாம். விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகும். இங்கயே ஊர் பார்க்கட்டும், ஜன்னல் வழியா!"

லைன் அறுந்தது.

கடைக்குள் இருந்த வால்ட்ராட்டுக்கு, அந்த வேகத்தில் வார்த்தை புரியவில்லை. தொனி புரிந்தது.

"சனிக்கிழமை… என் பொண்ணு தனியா நிப்பா. அப்பாவும் இல்ல…"

அதற்கு மேல் அந்தக் கல் மெல்லும் இத்தாலிய மொழி வரவில்லை. நனைந்த லேஸைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

* * *

ஸோர்ஸி கடை நடுவில் நின்றாள். ஏதோ உறுத்தியது.

"கலோஜெரோ, தண்ணிப் பலகை எங்கே?"

"அப்படின்னா?"

"வாசல் நிலையைப் பாரு, ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டியிருக்கு. சைரன் ஊதினா அதுல ஒரு பலகையைச் செருகுவோம். தண்ணி உள்ள வராது. இந்த ஊர்ல பலகை இல்லாத கடையும் இல்ல, சைரன் கேட்டுப் பலகை போடாத ஆளும் இல்ல."

கலோஜெரோ தேடினான். கவுண்டருக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறையில்…

"இல்ல மேடம்!"

"அப்ப சைரன் ஊதறப்ப நெரீனா உயிரோட இல்ல. இருந்திருந்தா, முதல் வேலையா பலகையை எடுத்திருப்பா."

"சைரன் ஊதறப்ப நீங்க எங்கே இருந்தீங்க?" என்று வால்ட்ராட் பக்கம் திரும்பிக் கேட்டாள் ஸோர்ஸி.

"பாலத்து மேல. யுத்தம் வந்துடுச்சுன்னு பயந்து ஒரு சர்ச்சுக்குள்ள ஓடினேன். அங்க ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கலே!"

கலோஜெரோ தலையாட்டினான். "நானும் முதல் நாள் கட்டிலுக்கு அடியில போனேன்மா."

ஸோர்ஸியின் பார்வை அலமாரியில் ஏறியது.

அடித்தட்டில், வர்ணம் பூசிய காகித முகமூடிகள். தண்ணீரில் ஊறி, மூக்கு தொங்கி, வாய் கோணி…

உச்சித் தட்டில், கூரையை இடித்துக்கொண்டு அட்டைப் பெட்டிகள். மூடியில்லாதவை. உள்ளே லேஸ். ஒரு சொட்டு ஈரம் இல்லை!

ஸ்டூல் போட்டு ஏறினாள். ஒரு பெட்டிக்குள் கைவிட்டாள்.

"ஸ்ஸ்…!"

விரலில் ரத்தம். லேஸ் மடிப்புக்குள் நீலக் கண்ணாடிச் சில்லு!

இரண்டாவது பெட்டி. அதிலும் சில்லு. மூன்றாவதிலும்!

"கலோஜெரோ, ஜாடி உடைஞ்சா சில்லு எங்கே போகும்?"

"கீழே மேடம். ரொம்ப சுலபமான கேள்வி."

"பின்ன கூரைக்கு எப்படிப் பறந்துது?"

அவன் கூரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். மறுபடி கூரையைப் பார்த்தான்.

"அப்ப… உடையறப்ப பெட்டி கீழே இருந்திருக்கு. அப்புறம் யாரோ மேல தூக்கி…"

"பக்கத்துல பிணம் கிடக்கு. சைரன் ஊதுது. ஓடாம, பெட்டியைத் தூக்கி வெச்சிருக்கான். யுத்தம்னு நினைச்சு ஓடற ஆளு செய்யற வேலையா இது? இந்த ஊர்க்காரன் கையி! சைரன் கேட்டா மூளையைக் கேட்காம தூக்கற கையி!"

"ஆனா முகமூடி எல்லாம் ஊறுதே மேடம்?"

"அதான் விஷயம். முகமூடி நெரீனாவோடது. தூக்கினவன் தன் சரக்கை மட்டும் தூக்கியிருக்கான்…!"

வாசல் வழியாக வெளியே பார்த்தாள். எதிரே சில்வானோ கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கோப்பையையே மறுபடியும், மறுபடியும்…

'பத்து வருஷமா மிதிக்கலே.'

பகையா? இல்லை… நாடகமா? இலவச நாடகம் என்று அவர்தானே சொன்னார்!

கலோஜெரோவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் கண் அகலமானது. கடை வாசலுக்கு மேல், வெளிநாட்டுக்காரர்களுக்காக நாள் முழுக்க வயலின் இசைக்கும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தான்.

* * *

"அந்தம்மாவைக் கைது பண்ணப் போறோம். நீங்க அவங்களை நேர்ல அடையாளம் காட்டணும். ஒரே நிமிஷம்" என்றாள் ஸோர்ஸி. "சட்டம். என்ன செய்ய?"

சில்வானோ பெருமூச்சு விட்டார். வாசற்படியில் தயங்கினார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வராதவர் வருவது போலக் காலை வைத்தார்.

நெரீனாவைக் கொண்டுபோயிருந்தார்கள். லேஸ் பெட்டிகள் இப்போது கீழே, தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தன.

சில்வானோவின் கண் ஒரு நொடி அங்கே போய் வந்தது.

"இவதான். சந்தேகமே இல்ல."

"எவ்வளவு நிச்சயமா…"

ஸோர்ஸி முடிக்கவில்லை.

ஊ…ஊ…ஊ…ஊ…!

சைரன்!

பக்கத்துக் கடையில் ஷட்டர் சத்தம். மாடியில் யாரோ கெட்ட வார்த்தை. சந்தே பதறியது.

சில்வானோ யோசிக்கவில்லை. இரண்டே எட்டு. முகமூடி போட்டுப் பார்க்கச் சுவரோரம் வைத்திருந்த ஆள் உயர நிலைக்கண்ணாடியைப் பற்றித் தள்ளினார். பின்னால், சுவர்ப் பொந்தில் சொருகியிருந்த பலகையை உருவினார். வாசலுக்கு ஓடினார். 'சரக்' என்று பள்ளத்தில் இறக்கினார். திரும்பி, பெட்டியைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்…

நீட்டிய கைகள் அப்படியே நின்றன.



"நாங்க கழிப்பறை வரைக்கும் தேடினோம். கிடைக்கலே" என்றாள் ஸோர்ஸி மெதுவாக. "பத்து வருஷமா மிதிக்காத கடையில, பலகை எங்கே இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சில்வானோ கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தண்ணி… தண்ணி வருதேன்னு…"

"வெளிய பாருங்க. வடியுது."

நிஜமாகவே வடிந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் அடியிலிருந்து, ஒயரில் மாட்டிய போனைக் கையில் பிடித்தபடி கலோஜெரோ எட்டிப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு வெச்சிருந்தது சார். முதல்ல நீங்க கேட்டுட்டீங்க!"

சில்வானோ மேஜையில் உட்கார்ந்தார். வாய் தானாகப் பேசியது.

"சரக்கு என்னோடது. விக்கிறது அவ. எங்களுக்குள்ள சண்டைன்னு ஊர் நம்பினவரைக்கும் யாரும் சேர்த்துப் பார்க்கலே. இந்தம்மா வந்து கத்தினதும் அவ பயந்துட்டா… 'எல்லாத்தையும் சொல்லிடறேன் சில்வானோ, எனக்குத் தூக்கம் வரலே'ன்னா. மேஜை மேல ஜாடி இருந்துது. காலைலதான் இந்தம்மா அதையே சொல்லிக் கத்திட்டுப் போனா…"

"பழி ரெடியா இருந்துது. கை மட்டும் உங்களோடது."

"ஓடியிருப்பேம்மா. கதவுகிட்ட வந்துட்டேன். அந்தப் பாழாப்போன சைரன் ஊதிச்சு… கை தானா பெட்டிக்குப் போயிடுச்சு. பலகையையும் எடுத்திருப்பேன். வாசல்ல நின்னு அதைப் போட்டா யாராவது பார்த்துடுவாங்கன்னு புத்தி வந்துது…"

"இப்ப புத்தி லீவு."

வால்ட்ராட் எழுந்தாள். தன் நனைந்த லேஸை அவர் மடியில் தொப்பென்று போட்டாள்.

"இது வேண்டாம். பொண்ணுக்குப் பரிசா நானே நேர்ல போறேன். போதும்."

ஆரஞ்சுக் கால்களோடு பஸ்ஸுக்கு ஓடினாள். ஊரில் அன்று பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்ட ஓட்டம்!

கலோஜெரோ விலங்கை மாட்டி, சில்வானோவை எழுப்பினான். வாசல் வரை வந்திருப்பார்கள்…

ஊ…ஊ…ஊ…ஊ…!

"யோவ், போனை அணைய்யா!"

"மேடம்… போன் என் பாக்கெட்ல! இது நிஜம்!"

விலங்கு மாட்டிய கைகளோடு, சில்வானோ லேஸ் பெட்டிகளை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார்.

ஸோர்ஸி அவர் தோளில் கைவைத்து, அன்பாகத் திருப்பினாள்.

"பதறாதீங்க சில்வானோ… இனிமே உங்களுக்கு ஜெயில்ல மூணாவது மாடி. எவ்வளவு ஊதினாலும், அங்க தண்ணி வராது!"