ஆளில்லாத வீட்டில் ஈரச் சட்டை

சர்வேயர் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்ற ஆளைப் பார்த்ததுமே டார்ச்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு பெட்டியின் கைப்பிடியில் இன்னும் தொங்கியது. ஊருக்கு வந்தவன் சொந்த வீட்டுக்குப் போகாமல் இங்கே வருகிறான் என்றால் விஷயம் இல்லாமலா?

தீப்பிடித்த கடைகளைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லியே தலை நரைத்தவர் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துக் குழப்பங்கள் அவரைத் தேடி வந்தன. டார்ச்சு அவருடைய சிநேகிதர். சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டியவர். தியேட்டர் போய்விட்டது, டார்ச் போகவில்லை. பட்டப்பகலிலும் அது சட்டைப்பையில் இருக்கும். எந்தத் துப்பறியும் படமானாலும் இடைவேளைக்குள் குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்பார். சொல்லவும் சொல்வார், தப்பாக.

வந்தவன் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வங்கிக் கடனில் வீடு வாங்கிக் குடிபோன சூடு ஆறுவதற்குள் அந்த வேலை வந்துவிட்டது. வீட்டைப் பூட்டி, பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவிடமும் மாமாவிடமும் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். தவணையை அங்கிருந்தே தவறாமல் கட்டுகிறான். போன வாரம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒரு படம் அனுப்பி, ஊருக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். படத்தில் அவன் வீட்டு முன்பக்கம். கொடியில் அவனுடைய சட்டைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. வாசலில் அவனுடைய செருப்பு.

"நான் அந்தரத்துல தொங்கிக்கிட்டுத் தவணை கட்டறேன். இங்க எவனோ என் வீட்டுல, என் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறான்," என்றான்.

அக்காவிடம் கேட்டாயா என்றார் சர்வேயர். கேட்டிருந்தான். வீடு பூட்டித்தான் இருக்கு, நீ உன் உடம்பைப் பாரு என்று அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அதுதான் அவனைச் சுட்டது. கள்ளத்தனமாக வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். ஃபோனிலேயே ஓர் ஆளைப் பேசி வைத்திருந்தான். வீட்டை வாங்க அந்த ஆள் இன்று சாயங்காலம் முன்பணத்தோடு வருகிறார்.

"வித்துட்டு அப்படியே போயிடுவேன். இனிமே அக்கா முகத்துலயே முழிக்க மாட்டேன்." அந்த வீட்டுக்கு முதலில் போட்ட பணம் அக்காவின் வளையலை விற்று வந்தது என்பதையும் அவனே சொன்னான்.

"சாயங்காலம்தானே? காபியைக் குடிங்க," என்றார் சர்வேயர்.

நீல கேட் போட்ட அவன் வீட்டு முன்பக்கம் புது நைலான் கயிற்றில் மூன்று சட்டைகள் தெருவைப் பார்த்துத் தொங்கின. துண்டு, பனியன் எதுவும் இல்லை. பின்கட்டில் நல்ல வெயில் இருந்தும் பழைய கொடிக்கம்பி சும்மா கிடந்தது. வாசலில் இருந்த செருப்பின் அடியில் ஈரச்சேறு. சர்வேயர் குனிந்து உள்ளே பார்த்தார். கால் நுழைகிற இடத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

கிரேன்காரன் தன் சாவியால் கதவைத் திறந்தான். குளியலறை இருட்டாக இருந்தது. டார்ச்சு வாழ்நாள் பயனை அடைந்தவர் போல வெளிச்சம் அடித்தார். சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் போகும் துவாரத்திலிருந்து, பல நாளாய் ஒரு சொட்டும் விழாத வாடை வந்தது.

"அண்ணே, புரிஞ்சு போச்சு," என்றார் டார்ச்சு. "இவர் அளவுலயே ஓர் ஆளைத் தேடிப் பிடிச்சு வெச்சிருக்காங்க. அவன் குளிக்கற ஜாதியும் இல்ல."

சர்வேயர் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். கிரேன்காரனை முனையிலேயே நிறுத்திவிட்டு, தன் பழைய தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். மாமாதான் திறந்தார். அந்த நீல கேட் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார் சர்வேயர்.

மாமாவின் பார்வை பைமேல் விழுந்தது. "இருக்கானே. இப்பதான் குளிச்சிட்டு வெளியே போனான். சட்டைகூட கொடியில ஈரமா தொங்குதே, பாத்திருப்பீங்களே," என்றார் மூச்சு விடாமல்.

மாமாவை அந்த இடத்திலேயே பிடித்துவிட டார்ச்சு துடித்தார். சர்வேயர் அவர் கையை அழுத்தி, எல்லாரையும் நீல கேட்டுக்கு வரச் சொன்னார்.

தம்பியைக் கண்டதும் அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"மாமா சொன்னது பொய்தான்," என்றார் சர்வேயர். "ஆனா எந்தப் பொய்னு பாருங்க. திருட்டுத்தனமா ஆள் வெச்சிருக்கறவன், வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, வீடு பூட்டியிருக்குன்னுதான் சொல்வான். இவர் தலைகீழா சொல்றாரு. உள்ள ஆளே இல்ல. செருப்புல சேறு இருக்கு, கால் நுழைஞ்ச அடையாளம் இல்ல. சட்டை இங்க துவைச்சதும் இல்ல, காய்றதுக்காகப் போட்டதும் இல்ல. தெருவுல போறவங்க பாக்கறதுக்குப் போட்டது. வீட்டுக்காரர் இங்கயே குடியிருக்கணும்னு யாருக்கு அக்கறை? கடன் கொடுத்தவங்களுக்கு."

மாமா திண்டாடிப்போய் உண்மையைக் கக்கினார். கடன் வாங்கிய அன்று அவரும் கூட இருந்தார். நீங்களே குடியிருக்கப் போவதால்தான் வட்டியில் சலுகை, அது மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிக்காரர் சொன்னது அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது. மச்சான் போன பிறகு பையும் கையுமாக ஒருவர் வந்து, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டு ஜன்னல்களை அளந்து பார்த்தாராம். வங்கி ஆள்தான் வேவு பார்க்கிறார் என்று நினைத்து அன்று தொடங்கிய குடித்தனம் இது.

"அவரா? கொசுவலை விக்கறவர்," என்றாள் தையல்காரம்மா. "எங்க ஜன்னலையும்தான் அளந்தாரு."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றான் தம்பி.

"அவ்வளவு உசரத்துல உக்காந்திருக்கறவன்கிட்ட வீடு போயிடும்னு எப்படிடா சொல்றது? கை நடுங்கிச்சுன்னா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். தான் போகுமுன்பே வங்கியில் தெரிவித்துவிட்டதைச் சொன்னான். வட்டியைக் கொஞ்சம் ஏற்றி, வாடகைக்குக்கூட விட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

"அதை நீ ஏண்டா சொல்லல?"

"வட்டி ஏறிடுச்சுன்னா நீ மிச்ச வளையலையும் கழட்டுவ."

அக்கா சோப்பில் ஊறி வெளுத்த விரல்களைக் காட்டினாள். "அழுக்குச் சட்டைன்னா அழுக்கு போனதும் நிறுத்தலாம். அழுக்கே இல்லாத சட்டையை எதுவரைக்கும்டா தோய்க்கறது?"

டார்ச்சு சிரிப்பை அடக்க முடியாமல் கொடிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது கேட்டருகே ஒரு கார் வந்து நின்றது. கையில் பையோடு ஒருவர் இறங்கி, வீட்டுக்காரர் இருக்கிறாரா, முன்பணம் கொண்டுவந்திருக்கிறேன் என்றார்.

பையைக் கண்டதும் மாமாவின் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. "இப்பதான் குளிச்சிட்டு வெளியே போனான்."

"எப்ப வருவாரு?"

டார்ச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிரேன்காரனைப் பார்த்தார். அவன் கொடியிலிருந்து தன் ஈரச் சட்டை ஒன்றை எடுத்து உதறினான்.

"கடன் அடைஞ்சதும் வருவாருங்க," என்றான்.